லிஃப்ட் செய்த பிக்கப்பில் சஸ்பென்ஷன் ஜாயிண்ட்: சத்தமும் பாதுகாப்பும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எனக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். வயல், களம், நெல் கொள்முதல் நிலையம் என்று எல்லா இடத்துக்கும் ஓடுகிற டபுள் கேப் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறேன். முன்பக்கம் 2 இன்ச் தூக்கி, சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் மேல் ஆர்மை மாற்றி, பின்னால் பட்டை ஸ்பிரிங்கில் (லீஃப் ஸ்பிரிங்) ஒரு பட்டை கூடுதலாகப் போட்டது. தூக்கிய முதல் வருடம் முழுக்கச் சத்தத்தோடுதான் ஓடியது. அந்தச் சத்தத்தைத் தேடித் தேடிக் கற்றுக்கொண்டவை இவை. வண்டியைத் தூக்கிய நண்பர்களும், தூக்க நினைக்கிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதைக் கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன்.

ஜாயிண்ட் என்றால் எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

மூன்று வகை. முதலாவது புஷ். இரும்புக் குழாய்க்கும் இரும்பு ஸ்லீவுக்கும் நடுவில் ரப்பரோ பாலியூரித்தேனோ இருக்கும். ஆர்ம் சேசிஸில் மாட்டும் இடம், பட்டையின் இரண்டு கண்கள், ஷாக்கின் மேலும் கீழும் எல்லாம் புஷ்தான். இரண்டாவது பால் ஜாயிண்ட். சக்கரம் திரும்பவும் ஏறி இறங்கவும் இடம் கொடுப்பது அது. ஸ்டியரிங்கின் டை ராட் எண்டும் அதே குடும்பம்.

மூன்றாவது ராட் எண்ட். கம்பெனி வண்டியில் சாதாரணமாக இருக்காது, மாற்றிய வண்டியில்தான் வரும். எஃகு உருண்டை ஒன்றை வளையத்துக்குள் அடக்கி, வளையத்தோடு மரை வெட்டிய தண்டு சேர்ந்திருக்கும். அமெரிக்காவில் ஹைம் ஜாயிண்ட் என்றும் இங்கிலாந்தில் ரோஸ் ஜாயிண்ட் என்றும் சொல்கிறார்கள். இரண்டுமே அதைச் செய்த கம்பெனிகளின் பெயரால் வந்தவை. வளைந்து கொடுப்பதில் இதற்கு நிகர் இல்லை. ஆனால் அதிர்வை வாங்கிக்கொள்ள ரப்பர் கிடையாது, அழுக்கைத் தடுக்க பால் ஜாயிண்டில் இருப்பது போன்ற ரப்பர் உறையும் (பூட்) கிடையாது. நம் சேற்றில் முதலில் கெடுவது இதுதான்.

தூக்குவதற்கு முன் சத்தமே இல்லை. தூக்கியதும் ஏன் வருகிறது?

ஜாயிண்டுகள் வேலை செய்யும் கோணம் மாறிவிடுகிறது. கம்பெனி வைத்த உயரத்தில் பால் ஜாயிண்ட் தன் அசைவின் நடுவில் நிற்கும். ஸ்பேசர் (உயரம் கூட்டும் வில்லை) போட்டுத் தூக்கினால் ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்து, ஜாயிண்ட் ஒரு ஓரத்திலேயே நிற்கத் தொடங்கும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது அது தன் எல்லையைத் தொட்டு இடிக்கும். பூட்டின் ஒரு பக்கம் எப்போதும் இழுபட்டும் மறுபக்கம் மடிந்தும் கிடக்கும். அந்த மடிப்பில்தான் கீறல் விழும். கீறல் வழியாகத் தண்ணீர் புகுந்து, கிரீஸ் வெளியேறி, துரு ஏறி, கடைசியில்தான் சத்தம் நம் காதுக்கு வருகிறது. சத்தம் கேட்கும் நாளுக்குப் பல மாதம் முன்பே பூட் போயிருக்கும்.

இதனால்தான் தூக்கும்போதே கோணத்தைச் சரிசெய்யும் மேல் ஆர்மை மாற்றச் சொல்கிறேன். ஸ்பேசர் மட்டும் போட்டதில் காசு மிச்சம் என்று நினைத்து அதோடு விட்டால், அந்தக் காசு பால் ஜாயிண்டில் போகும். நாலு சக்கர டிரைவ் வண்டி என்றால் முன் ஆக்சில் பூட்டுக்கும் இதே கதைதான். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது டக் டக் என்று கேட்டால் சஸ்பென்ஷனை விட்டுவிட்டு முதலில் அங்கே பாருங்கள்.

எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். காதை நம்பிச் சாமான் வாங்கக் கூடாது. சேசிஸ் வழியாகச் சத்தம் நடந்து போகும். பின்னால் பிறந்தது டிரைவர் காலடியில் கேட்கும்.

எந்தச் சமயத்தில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். பிரேக் மிதித்தவுடன் ஒரு தடவை டொக் என்றால் கீழ் ஆர்மின் புஷ்ஷைச் சந்தேகப்படலாம். சிறு சிறு மேடு பள்ளத்தில் கடகடவென்று விடாமல் வந்தால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியை ஆர்மோடு இணைக்கும் சிறு தண்டு). முதல் கியரில் கிளம்பும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் பின்னால் ஒரு இடி இடித்தால் யூ போல்ட் (பட்டையை ஆக்சிலோடு கட்டுவது), ஷேக்கில் (பட்டையின் ஒரு நுனியைச் சேசிஸோடு இணைக்கும் தொங்கல்) புஷ், புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் (மூட்டு) என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். மெதுவாகப் போகும்போது கிரீச் என்று கதவுக் கீல் மாதிரி முனகினால் காய்ந்த பாலி புஷ் அல்லது பட்டைகளுக்கு இடையிலான உரசல்.

பிறகு கை வைத்துப் பார்ப்பது. எஞ்சினை அணைத்து, வண்டி தரையில் நிற்கும்போதே, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்ட வேண்டும். நீங்கள் ஒவ்வொரு ஜாயிண்டிலும் விரலை வையுங்கள். இரண்டு இரும்பும் சேரும் இடத்தில் பாதி விரல் ஒன்றிலும் பாதி மற்றொன்றிலும் இருக்கட்டும். ஆட்டம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவில்கூட விரலுக்குத் தெரியும்.

கீழ் ஆர்மின்மேல் காயில் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் வண்டியில் கீழ்ப் பால் ஜாயிண்டைப் பார்க்க ஒரு முறை உண்டு. ஜாக்கியைச் சேசிஸுக்கு வைக்காமல் கீழ் ஆர்முக்கு அடியில், சக்கரத்துக்குக் கிட்டத்தில் வைத்துத் தூக்குங்கள். அப்போதுதான் ஜாயிண்ட் மேல் உள்ள சுமை இறங்கும். டயருக்கு அடியில் கடப்பாரையை விட்டு மெல்ல நெம்புங்கள். ஜாயிண்ட் மட்டும் மேலே எழும்பி டக்கென்று உட்கார்ந்தால் மாற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது.

கிரீச் சத்தத்துக்குத் தண்ணீரே போதும். செடிக்கு அடிக்கிற சின்ன ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் எடுத்து, ஒரு புஷ்ஷுக்கு மட்டும் அடித்துவிட்டு வண்டியைக் குலுக்கிப் பாருங்கள். சத்தம் நிற்கவில்லையா, அடுத்த புஷ். எதற்கு அடித்ததும் நிற்கிறதோ அதுதான் ஆள். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அடித்துவிட்டால் சத்தம் நிற்கும், ஆனால் எதுவென்று கடைசிவரை தெரியாது.

கண்ணால் பார்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. போல்ட்டின் வாஷரைச் சுற்றி இரும்பு பளபளவென்று தேய்ந்து, அதன் ஓரத்தில் செங்கல் தூள் மாதிரி சிவப்புப் பொடி படிந்திருந்தால் அந்த இடம் நகர்கிறது என்று அர்த்தம். இரும்பு இரும்போடு உரசி விழும் துருப்பொடி அது. துடைத்துவிட்டு, ஒரு வாரம் ஓட்டி, மறுபடி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் ஏமாந்த சத்தம் எது?

ராட் எண்டின் தண்டு சுற்றாமல் பிடித்து வைக்கும் லாக் நட். திருத்துறைப்பூண்டி சாலையில் இரண்டு மாதம் டொக் டொக் என்று கேட்டது. ஷாக் போய்விட்டது என்று சொல்லி ஒரு பட்டறையில் மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. ஸ்டெபிலைசர் லிங்க் மாற்றினோம். அப்போதும் போகவில்லை. கடைசியில் எங்கள் தெரு முனை மெக்கானிக் பாய் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, "தம்பி, அந்த ராட புடிச்சுக் கொஞ்சம் முறுக்குங்க" என்றார். கையாலேயே முறுக்க முடிந்தது. லாக் நட் கால் சுற்று கழன்றிருந்தது. மரைக்குள் இருந்த அந்தச் சிறு இடைவெளிதான் அவ்வளவு சத்தம் போட்டது. சத்தம் சின்ன விஷயம். நட் கழன்ற நிலையில் ஓட்டினால் மரையே தேய்ந்து தண்டு வெளியே வந்துவிடும்.

அன்றிலிருந்து முறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் வெள்ளைப் பெயின்ட் மார்க்கரால், நட்டிலிருந்து தண்டு வரை ஒரே கோடாக இழுத்துவிடுகிறேன். நட் திரும்பினால் கோடு முறிந்து தெரியும். குனிந்து பார்த்தாலே போதும், ஸ்பேனர் வேண்டாம். தண்டு உள்ளே எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மரையின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே இருக்கட்டும். அலைன்மென்ட்டுக்காக நீளத்தைக் கூட்டும்போது இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

புது ரப்பர் புஷ் போட்டு மூன்றே மாதத்தில் கிழிந்துவிட்டது. மட்டமான சாமானா, அண்ணே?

இருக்கலாம். ஆனால் அதைவிட அடிக்கடி நடப்பது வேறு. ரப்பர் புஷ் சுற்றாது. வெளியே ஆர்மோடும் உள்ளே போல்ட்டோடும் இறுகி நின்று, நடுவில் ரப்பர் முறுகிக்கொடுத்துத்தான் வேலை செய்யும். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழு இறுக்கம் இறுக்கிவிட்டால் ரப்பருக்கு அதுதான் இயல்பு நிலை ஆகிவிடும். வண்டியைக் கீழே இறக்கியதும் அது முறுகியபடியே நிற்கும். சும்மா நிற்கும்போதே பாதி முறுக்கு. பள்ளத்தில் விழுந்தால் மீதியும் முறுகிக் கிழியும்.

ஆகவே தொங்கும்போது போல்ட்டைப் போட்டு, நட்டைக் கையளவு மட்டும் ஏற்றுங்கள். சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பம்பரை நாலு தடவை அமுக்கி உட்காரவிட்டு, அதன் பிறகு கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். தூக்கிய வண்டியில் இது இரட்டிப்பு முக்கியம். தூக்கும் வேலையில் ஆர்ம் போல்ட்டுகளைத் தொடவே இல்லை என்றாலும், புது உயரத்தில் ஒரு தடவை தளர்த்தி மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். இதை நீங்களே பக்கத்தில் நின்று பார்த்துச் செய்ய வைப்பதில் வெட்கம் வேண்டாம்.

பாலியூரித்தேன் புஷ் போட்டால் சத்தம் வருமாமே?

காய்ந்தால் வரும். ரப்பர் மாதிரி முறுகாமல் இது ஸ்லீவின்மேல் சுற்றும். சுற்றுகிற இடத்தில் கிரீஸ் வேண்டும். மாட்டும்போது உள்ளும் புறமும், பக்கவாட்டு முகத்திலும் கெட்டியான சிலிக்கான் கிரீஸைத் தாராளமாகப் பூசினால் நெடுநாள் வாய் திறக்காது. கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு வாய்) உள்ள வகை கிடைத்தால் கூடக் கொடுத்தாவது அதையே வாங்கலாம். தினமும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும் வண்டிக்கு நல்ல ரப்பர் புஷ்தான் என் சிபாரிசு. அமைதியாக இருக்கும், பராமரிப்பும் இல்லை.

ராட் எண்டைச் சேற்றிலிருந்து எப்படிக் காப்பாற்றுவது?

முதலில் அது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். உருண்டைக்கும் வளையத்துக்கும் நடுவில் டெஃப்லான் பட்டை வைத்தது ஒரு வகை. இதற்குக் கிரீஸ் போடக் கூடாது. வெளியே பூசிய கிரீஸ் மண்ணைப் பிடித்து வைத்து, அந்த மெல்லிய பட்டையை அரைத்துவிடும். துடைத்துச் சுத்தமாகவும் காய்ந்தும் வைத்தால் போதும். இரும்பும் இரும்பும் நேராக உரசுகிற வகைக்குக் கிரீஸ் கட்டாயம்.

இரண்டு வகைக்கும் ரப்பர் பூட் மாட்டலாம். ராட் எண்டின் அளவுக்கென்றே சிலிக்கானிலும் நியோப்ரீனிலும் வருகிறது. அளவு சரியாக இருக்க வேண்டும். தளர்ந்த பூட்டும் பூட் இல்லாததும் ஒன்றுதான்.

நம் பக்கம் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, இரண்டு பக்கமும் கேபிள் டை போட்டு இறுக்குவார்கள். நானும் செய்திருக்கிறேன். ஒரு தாளடி முழுக்க அப்படியே ஓட்டிவிட்டு, தையில் அறுத்துப் பார்த்தேன். உள்ளே தேநீர் நிறத்தில் தண்ணீர் வழிந்தது; அடியில் வண்டல் மாவு மாதிரி படிந்திருந்தது. உருண்டையை விரலால் அசைத்தால் அரத்தில் தேய்ப்பது போலச் சொரசொரத்தது. சேறு உள்ளே போக வழி இருந்திருக்கிறது, வெளியே வரத்தான் வழி இல்லை. அவசரத்துக்கு டியூப் சுற்றலாம், தப்பில்லை. ஆனால் கீழ்ப்பக்கம் ஒரு சின்ன வெட்டு விடுங்கள், வீட்டுக்கு வந்ததும் கழற்றிக் கழுவுங்கள்.

ராட் எண்ட் சத்தமே பிடிக்கவில்லை என்றால் ஜானி ஜாயிண்ட் மாதிரியான வகை இருக்கிறது. உருண்டை பாலியூரித்தேன் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும், கிரீஸ் அடிக்கலாம், தேய்ந்தால் உள்சாமான் மட்டும் மாற்றலாம். விலை அதிகம். வயல்வெளி வண்டிக்கு அந்த விலை நியாயம் என்றே நினைக்கிறேன்.

எந்தக் கிரீஸ்?

ரப்பருக்குப் பெட்ரோலியக் கிரீஸ் ஆகாது. இயற்கை ரப்பர் அதில் ஊறி உப்பிப் பிசுபிசுத்துவிடும். ரப்பருக்கும் பாலிக்கும் சிலிக்கான். நிப்பிள் உள்ள பால் ஜாயிண்டுக்கு டப்பாவில் என்.எல்.ஜி.ஐ. 2 (கிரீஸின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்) என்று போட்ட நல்ல லித்தியம் காம்ப்ளெக்ஸ். வண்டி அடிக்கடி தண்ணீரில் இறங்கினால் கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ். தண்ணீரில் எளிதாகக் கழுவிப் போகாது, துருவையும் தடுக்கும். எதைத் தொடங்கினீர்களோ அதையே தொடருங்கள். சில கிரீஸ்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் மோர் மாதிரி இளகி வழிந்துவிடும்.

கிரீஸ் கன்னை மாட்டும் முன் நிப்பிளின் தலையைத் துணியால் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் தலையில் இருக்கும் களிமண்தான் முதலில் உள்ளே போகும். பூட் லேசாக உப்பியதும் நிறுத்துங்கள். உப்பி வெடித்த பூட்டுக்கு வைத்தியம் இல்லை.

பட்டைக்குக் கழிவு ஆயில் அடித்தால் சத்தம் நிற்கிறதே, அது தப்பா?

நிற்கும். எங்கள் அப்பா காலத்து லாரிகளுக்கெல்லாம் பிரஷ்ஷால் பூசுவார்கள். நான் வேண்டாம் என்கிறேன். ஆயில் வழிந்து பட்டையின் கண்ணில் உள்ள ரப்பர் புஷ்ஷை ஊற வைக்கும், தூசியைக் கூட்டும். அதைவிட எனக்குப் பெரியது இன்னொன்று. நம் வண்டி நிற்பது வாய்க்கால் கரையில். சொட்டுகிற ஆயில் பாமணியாற்றுக் கிளையில் கலந்து நாற்றங்காலுக்குத்தான் போகிறது.

பட்டைகளைப் பிரித்து, துருவைச் சுரண்டி, நுனியில் நைலான் பேட் வைத்துக் கட்டினால் சத்தம் நிற்கும், எண்ணெயும் தேவையில்லை. கழற்றுகிற சாக்கில் சென்டர் போல்ட்டையும் பாருங்கள். புது யூ போல்ட் போட்டால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குவது கட்டாயம். பட்டைகள் உட்கார உட்கார அது தளரும்.

வாட்டர் சர்வீஸ் விடலாமா?

விட வேண்டும், சேறு காயும் முன். நம் களிமண் ஈரத்தில் வெண்ணெய், காய்ந்தால் ஓடு. காய்ந்த கட்டி பூட்டின் மடிப்புக்குள் உட்கார்ந்துகொண்டு, சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் கத்தி மாதிரி அறுக்கும். ஆனால் பிரஷர் கன்னைப் பூட்டின் விளிம்புக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள். அந்த அழுத்தம் தண்ணீரை உதட்டைத் தாண்டி உள்ளே தள்ளிவிடும். ஜாயிண்டுகளுக்குச் சாதாரண ஹோஸ் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும்.

கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டிக்கு?

வேதாரண்யம் உப்பளம், கோடியக்கரை, முத்துப்பேட்டைப் பக்கம் போய் வந்தால் அன்று இரவே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது என் மாமா வண்டி இரண்டு நாள் உவர்த் தண்ணீரில் நின்றது. எஞ்சினைக் காப்பாற்றினோம், அடியில் யாரும் பார்க்கவில்லை. பொங்கலுக்குள் ஷேக்கில் பின்கள் ஸ்லீவோடு ஒட்டிக்கொண்டன. கேஸ் வைத்து அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. புதிதாக மாட்டும்போது போல்ட்டின் வழுவழுப்பான உடல் பகுதிக்கு மட்டும் துருத் தடுப்புக் கிரீஸைத் தடவி மாட்டுவது அதற்குப் பிறகு வந்த பழக்கம். மரையில் தடவினால் அதே டார்க்கில் போல்ட் கூடுதலாக இறுகிவிடும் என்பதால் மரையை விட்டுவிடுகிறேன்.

அறுவடைக் காலத்தில் தனியாகப் பார்க்க வேண்டியது?

வைக்கோல். சம்பா அறுப்பில் வயலுக்குள் இறங்கினால் ஆக்சில் ஷாஃப்ட்டில் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டு பூட்டை அறுக்கும். சைலன்சர் குழாய் மேல் சிக்கினால் தீப்பிடிக்கவும் கூடும். களத்தை விட்டு ஏறும்போதே குனிந்து பிடுங்கிவிடுங்கள்.

இப்படி மாற்றுவதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வாகன மாற்றங்களைப் பற்றியது. கம்பெனி குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே பெரிய லிஃப்ட் போடும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரியுங்கள், இன்சூரன்ஸ்காரரிடமும் கேளுங்கள். தேய்ந்த புஷ்ஷையும் பால் ஜாயிண்டையும் அதே வகையில் மாற்றுவது பராமரிப்பு, அது வேறு.

எப்போது வண்டியை ஓட்டவே கூடாது?

கிரீச் சத்தத்தோடு ஊர் போய்ச் சேரலாம். பால் ஜாயிண்டில் கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம், டை ராட் எண்டில் ஆட்டம், ராட் எண்ட் தண்டில் கீறல், கழன்ற லாக் நட் இவற்றில் ஒன்று இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் வெளியே மடிந்து வண்டி அதன்மேல் உட்காரும். ஈசிஆரில் 80-இல் போகும்போது அது நடந்தால் பிரேக்கும் உதவாது, ஸ்டியரிங்கும் உதவாது. இந்த ஆட்டத்தைக் கிரீஸ் அடித்து மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கெட்டியான கிரீஸ் இடைவெளியை நிரப்பி இரண்டு வாரம் அமைதியாக வைத்திருக்கும். அந்த இரண்டு வாரம்தான் எனக்குப் பயம்.

எவ்வளவு நாளுக்கு ஒரு முறை பார்க்கிறீர்கள்?

நான் கிலோமீட்டரைவிடப் பயிரைப் பார்த்துத்தான் செய்கிறேன். ஜூன் 12 மேட்டூர் திறப்புத் தேதியை ஒட்டி, வாய்க்காலில் தண்ணீர் வரும் முன் ஒரு முழுப் பரிசோதனை: எல்லாப் பூட்டும், எல்லா வெள்ளைக் கோடும். ஐப்பசி மழை பிடிக்கும் முன் கிரீஸ். சம்பா அறுப்பு முடிந்ததும் கழுவி, மறுபடி பரிசோதனை. இடையில் எப்போது சேற்றில் இறங்கினாலும் அன்று மாலை ஐந்து நிமிடம் டார்ச்சோடு அடியில் பார்ப்பது.

வீட்டு வாசலிலேயே தூக்கிப் பார்க்கலாமா?

பார்க்கலாம், தரையைப் பார்த்துவிட்டு. நம் மண் மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே இளகியிருக்கும். ஜாக்கிக்கு அடியில் இரண்டு இன்ச் தடிமனுள்ள, ஒரு முழம் அகலமான பலகை போடுங்கள். தூக்கியதும் சேசிஸுக்கு ஸ்டாண்டு வைத்து, அதற்கு அடியிலும் பலகை போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். வண்டி அசையவில்லை என்றால் மட்டும் அடியில் போங்கள்.